ஏன் இந்த ஜூனில்?

கட்டிலில் ஜன்னல் பக்கம் படுப்பது யார், சுவர்ப் பக்கம் படுப்பது யார் என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பதில்லை, பத்து விரலையும் விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், நான் சொல்லப்போகும் சொல் ஏற்கெனவே அவள் விரல் நுனிக்கு வந்துவிட்ட மாதிரி. திருமதி ஹார்ட்விக், வெளிநாட்டவர் அலுவலகம் என்று கதவில் போட்டிருக்கிறது. ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறாள், மேசையில் ஒரு கள்ளிச்செடி. எனக்கு இடது பக்கம் மொழிபெயர்ப்பாளர், பரிமளம் அம்மா, வவுனியாக்காரி, வந்ததும் என் கையைப் பிடித்து "பயப்பிடாதேங்கோ பிள்ளை" என்றார், அதுவரை பயப்படாமல் இருந்தேன். இதே கேள்வியை இதே நேரத்தில் நாலு கதவு தள்ளி இன்னோர் அறையில் இன்னோர் அதிகாரி என் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு பதிலும் பொருந்த வேண்டும். பொருந்தினால் நான் குகநேசனின் மனைவி, இந்த நாட்டில் இருக்கலாம். பொருந்தாவிட்டால் நான் செய்தது கல்யாணமே இல்லை, விசாவுக்காகப் போட்ட நாடகம், ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி பெட்டியைக் கட்ட வேண்டும். ஜன்னல் பக்கம் நான் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்துகிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் நான்தான். ஜூனில் விடியற்காலை ஐந்து மணிக்கே வெயில் மூஞ்சியில் அடிக்கிறது என்று சுவர்ப் பக்கம் போனேன், ஒரு வாரத்தில் அங்கே காற்று வரவில்லை என்று திரும்பி வந்தேன், அவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக மாறினார், நேற்று யார் எங்கே கிடந்தோம், யோசிக்க யோசிக்கக் கட்டில்தான் தெரிகிறது, ஆட்கள் தெரியவில்லை. எங்கள் ஊரில் அம்மாவும் அப்பாவும் முப்பத்தாறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள், அவர்களைப் பிரித்து உட்காரவைத்து இதைக் கேட்டால் அம்மா விளக்குமாற்றை எடுத்திருப்பாள். "மாறி மாறி" என்கிறேன். பரிமளம் அம்மா ஜெர்மனில் சொல்கிறார், "நிலையான இடம் இல்லை" என்று. நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு ஜெர்மன் தெரியும், ஐந்து வருஷம் இந்த ஊர் ஆய்வுக்கூடத்தில் ஜெர்மனில்தான் அறிக்கை எழுதினேன், ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் கட்டாயம், பின்னால் எனக்குப் புரியவில்லை என்று நான் சொல்லிவிடக் கூடாதாம். என் வாயிலிருந்து புறப்படும் சொல் பக்கத்து நாற்காலிக்குப் போய் வேறு சட்டை போட்டுக்கொண்டு மேசைக்குப் போகிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பல் தேய்க்கும் பிரஷ் என்ன நிறம். வந்துவிட்டது. இந்தக் கேள்வி வரும் என்று என் வீட்டுக்காரர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அதற்கென்று ஒரு கொப்பியே வாங்கியிருந்தார், நாங்கள் நோட்டு என்போம் அவர் கொப்பி என்பார், அதில் அடிக்கோடு போட்டு நூற்றுப்பதினாறு கேள்வி. சாயங்காலம் நீச்சல்குளத்திலிருந்து வருவார், குளிப்பார், சாப்பாட்டு மேசையில் கொப்பியை விரிப்பார். "ஜெபக்கனி, இதில இரும். என்ர சப்பாத்து அளவு என்ன?" அவர் ஷூ அளவு எனக்குத் தெரியாது என்றேன். "நாப்பத்திரண்டு. எழுதி வையும்." எழுத மாட்டேன் என்றேன். "நீர் விளையாட்டா எடுக்கிறீர். எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளைப் பிரஷ்சிலதான் பிடிச்சவங்கள், தெரியுமே?" பிடிக்கட்டும் என்றேன். எனக்குக் கோபம் வந்தது. பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை எழுதினேன், பன்னிரண்டாம் வகுப்புக்கு எழுதினேன், பாளையங்கோட்டையில் வேதியியல், இங்கே வந்து மறுபடியும் வேதியியல், ஜெர்மன் மொழிக்கு மூன்று பரீட்சை, எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன், மனப்பாடம் செய்தேன், தேறினேன். இந்த மனுஷனை நான் மனப்பாடம் செய்ய மாட்டேன். பார்த்துப் பார்த்துத் தெரிந்தது தெரியட்டும், தெரியாதது தெரியாமல் கிடக்கட்டும். ஒரு நாள் ராச்சோறு ஆறிப்போகும்வரை இதற்குச் சண்டை. எங்களுடைய ஃபோன் உரையாடலை எல்லாம் அச்சடித்து இருநூறு பக்கம் கொண்டுவந்தார், அத்தாட்சிக்கு. நான் வாங்கித் துணி வைக்கிற அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவர் எனக்கு அனுப்பினது எனக்கு அனுப்பினது. கள்ளிச்செடி வைத்திருக்கிற ஒருத்தி படிப்பதற்கு அல்ல. இப்போது நாலு கதவு தள்ளி அவர் என் பிரஷ் பச்சை என்று சொல்லியிருப்பார், அவருடையது நீலம் என்று சொல்லியிருப்பார், குரல் நடுங்காமல், கொப்பியின் பக்கம் கண்ணுக்குத் தெரிய. "தெரியாது" என்கிறேன் நான். "வெளிச்சம் போடாமல் தேய்க்கிறேன்." அது உண்மை. ஹார்ட்விக் முதல்முறையாக நிமிர்ந்து பார்க்கிறாள்.

எப்படிச் சந்தித்தீர்கள். தண்ணீர் கொண்டுவந்தார் என்கிறேன். பரிமளம் அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கிறார், மேலே ஏதாவது இருக்கும் என்று. இருக்கிறது, ஆனால் அதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. பிறகு சொல்கிறேன், அளவாக. அவர் நகராட்சி நீச்சல்குளத்தில் பொறுப்பாளர், குளத்துத் தண்ணீரை வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் குளிர்பெட்டியில் ஆறு போத்தல் கொண்டுவருவார். முதல்நாளே திருப்பி அனுப்பினேன். லேபிளில் தண்ணீர் எடுத்த நேரம் எழுதவில்லை, நேரமில்லாத போத்தலை நான் தொட மாட்டேன். அவர் ஜெர்மனில் வாதாடினார், நான் ஜெர்மனில் மறுத்தேன், போகும்போது வாசலில் நின்று ஃபோனில் யாரிடமோ "இஞ்ச ஒரு பொல்லாத மனிசி இருக்கு" என்று தமிழில் சொன்னார். "பொல்லாத மனிசிக்குத் தமிழ் தெரியும்" என்றேன் உள்ளேயிருந்து. அடுத்த செவ்வாய் ஆறு போத்தலிலும் நேரம், நிமிஷம், நொடி. அதற்கு அடுத்த மாதம் ஆறாவது போத்தலில் 'குறிப்பு' என்று இருக்கிற இடத்தில் சின்னதாகத் தமிழில், சாப்பிட்டீரோ. நான் அந்த லேபிளைப் பற்றிச் சொல்லவில்லை. குளோரின் அளவு மட்டும் சொல்கிறேன். ஹார்ட்விக் கேட்கிறாள், அப்போது அவருக்கு நாற்பது, உங்களுக்கு முப்பது, வயது வித்தியாசம் உறுத்தவில்லையா. இல்லை. மதம் வேறு, அவர் இந்து, நீங்கள் கிறிஸ்தவர். ஆமாம். நாடும் வேறு. ஆமாம், ஆனால் அவர் இப்போது உங்கள் நாட்டுக் குடிமகன். இதைப் பரிமளம் அம்மா மொழிபெயர்க்கும்போது உதட்டோரம் கொஞ்சம் இழுபடுகிறது. அவரும் அப்படிக் குடியுரிமை வாங்கியவர்தான் போல. அந்தக் குளத்தில்தான் என் வீட்டுக்காரர் எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். எங்கள் ஊர் சாயர்புரத்திலிருந்து கடல் பஸ்ஸில் அரைமணி நேரம், ஆனாலும் எனக்குக் கணுக்கால் நனைவதற்கு மேல் பழக்கமில்லை. தண்ணீரைச் சோதிக்கத் தெரிந்தவளுக்குத் தண்ணீரில் கிடக்கத் தெரியவில்லை என்று சிரிப்பார். முதுகுக்குக் கீழே இரண்டு விரல் வைப்பார், வேறொன்றுமில்லை, இரண்டே விரல். "விடப்போறன்" என்பார். விட மாட்டார். நான் கத்துவேன். இருபத்தைந்து மீட்டர் தனியாக நீந்தி அந்தக் கரை தொட்டதும் கல்யாணம் என்று அவர்தான் பந்தயம் வைத்தார், நானும் சரி என்றேன், வேண்டுமென்றே மெதுவாகப் படித்தேன். எனக்கு அந்த மெதுவு பிடித்திருந்தது. பதினோரு மீட்டரில் இருந்தேன். மார்ச் மாதம் ஆய்வுக்கூடத்தை மூடிவிட்டார்கள், வேலை போனதோடு விசாவுக்கும் ஆகஸ்ட் முப்பத்தொன்று என்று தேதி வைத்தார்கள்.

திருமணம் ஏன் டென்மார்க்கில். இங்கே செய்தால் ஊரிலிருந்து ஒவ்வொரு காகிதமும் வந்து சரிபார்த்து முடிய ஒரு வருஷம், எனக்கு ஆகஸ்ட் கடைசிவரைதான் நேரம், அங்கே இரண்டு வாரம். ரயில், பிறகு கப்பல், பிறகு சின்ன ஊர், மண்டபத்துக்கு வெளியே ரோஜாச்செடிக்கு யாரோ உரம் போட்டுக்கொண்டிருந்தார், அவரை உள்ளே கூப்பிட்டார்கள், கையைக் கழுவிவிட்டு அவரே முதல் சாட்சி. அலுவலகத்துக் கணக்குப்பிள்ளை அம்மா இரண்டாவது சாட்சி. ஐந்து மொழியில் ஒரு சான்றிதழ். ஹார்ட்விக் எங்கள் கல்யாணப் படத்தை மேசையில் பரப்புகிறாள், நாலு படம். இதில் குடும்பத்தினர் யார் என்கிறாள். யாருமில்லை. நண்பர்கள்? யாருமில்லை. இவர் யார்? தோட்டக்காரர். உங்கள் பெற்றோர் ஏன் வரவில்லை? வாயில் வந்ததை விழுங்குகிறேன். அம்மா வீடியோவில் முகத்தைக் காட்டாமல் மின்விசிறியைக் காட்டிக்கொண்டே பேசினாள். "ஏட்டி, நாப்பத்திமூணு வயசு வரைக்கும் ஒருத்தன் சும்மா இருந்திருப்பானா? ஆரு, எவன், என்ன ஆளுகன்னு தெரியாம நான் சபையில என்னன்னு சொல்லுவேன்?" மறுநாள் அக்கா கூப்பிட்டாள், செல்வக்கனி, நல்லவள், எனக்காகத்தான் பேசினாள். "நீ ஒண்ணு சொல்லுட்டி, விசாவுக்குத்தானே? விசாவுக்குன்னா நான் அம்மாட்ட பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிடுதேன். வேல போயிட்டு, வேற வழியில்லன்னு சொன்னா அம்மா மன்னிச்சிருவா." நான் வேண்டாம் என்றேன். விசாவுக்காக இல்லை என்றேன். அதை வைத்துக்கொண்டு ஒரு மாதமாகச் சுற்றுகிறேன். அங்கே விசாவுக்காக என்று சொன்னால் மன்னிப்பு, இங்கே விசாவுக்காக இல்லை என்று சொன்னால்தான் மன்னிப்பு. யாருடைய மன்னிப்பு எனக்கு வேண்டும், நான் என்ன தப்பு செய்தேன்? அக்காவை அத்தான் பத்து நிமிஷம் பார்த்தார். ஸ்கூட்டர் ஓட்டத் தெரியுமா என்று ஒரே கேள்வி. அத்தானுக்கு ரயில்வே வேலை, அக்காவுக்குப் பள்ளிக்கூட வேலை, இரண்டு பேருக்கும் மதுரையில் மாற்றல் கிடைக்கும் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள், மாற்றல் கிடைத்தது, குழந்தைகள் பிறந்தார்கள், இன்றைக்கு அத்தானுக்குத் தலைவலித்தால் அக்காவுக்குச் சாப்பாடு இறங்காது. அவர்களை யாராவது அறையில் பூட்டி மாற்றலுக்காகக் கட்டினீர்களா என்று கேட்டார்களா? எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்றுக்காகத்தான் கட்டியிருக்கிறார்கள், ஒன்றுக்காகக் கட்டிப் பிறகு வேறொன்றுக்காக இருந்திருக்கிறார்கள். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் சுத்தமான காரணம் வேண்டும், ஆவியாக்கி வடித்த தண்ணீர் மாதிரி, ஒரு உப்பும் இல்லாமல். அப்படிப்பட்ட தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. "அவர்களுக்குச் சம்மதமில்லை" என்கிறேன். ஹார்ட்விக் தட்டுகிறாள். என்னுடைய இரண்டு சொல் அவள் விரலில் பதினைந்து ஆகிறது, அது எப்படி என்று தெரியவில்லை.

உங்கள் மாமியாரின் பெயர். நாகேஸ்வரி. இப்போது எங்கே வசிக்கிறார். இறந்துவிட்டார். எந்த வருடம், எந்த ஊரில், எப்படி. எனக்குத் தெரியாது. கொப்பியில் இந்தப் பக்கம் எனக்கு நினைவிருக்கிறது, அவர் கையெழுத்து, அம்மா என்று போட்டுப் பக்கத்தில் பெயர், அதற்குக் கீழே ஒன்றுமில்லை, அந்தப் பக்கத்தின் மீதி முழுக்க வெள்ளை. அன்றைக்கு அவர் சத்தமாக வாசிக்காமல் பக்கத்தைத் திருப்பினார். அவர் வன்னியிலிருந்து பதினெட்டு வயதில் தனியாக இங்கே வந்தார். அம்மா அங்கேயே இருந்தார். மே மாதத்தில் ஒரு நாள் வேலைக்குப் போக மாட்டார், விடுப்புச் சொல்லிவிட்டுப் பால்கனித் தரையைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பார், காலையிலிருந்து மத்தியானம் வரை, சுத்தமாக இருக்கிற தரையை. போன வருஷம் அவர் வீட்டுக்குப் போனபோது வாசலில் நின்று பார்த்தேன், ஏன் என்று வாய்வரை வந்தது. இன்னொரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நானும் போய் மண்டியிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது பெண்டாட்டிக்கு அழகா? இதில்தான் கவிழப்போகிறேன், பிரஷ் நிறம் தெரியாதது ஒரு பக்கம், மாமியார் செத்த ஊர் தெரியாதவள் என்ன மனைவி. நேற்றைக்கே கேட்டிருக்கலாம். மேசையில் உட்காரவைத்து, சொல்லுங்க, நாளைக்குக் கேப்பாங்க என்று கேட்டிருக்கலாம், சொல்லியிருப்பார், எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு தேதியும் இடமும் சொல்லியிருப்பார். ஒரு முத்திரைக்காக அந்த மனுஷனிடம் அதைப் பிடுங்கியிருப்பேன். மாட்டேன். இந்த நாட்டைவிட்டு அனுப்பினாலும் மாட்டேன். "தெரியாது" என்கிறேன், "கேட்டதில்லை. அவராகச் சொல்லும்போது கேட்டுக்கொள்வேன்." பரிமளம் அம்மா கைக்குட்டையை மடித்து மறுபடி மடிக்கிறார். பிறகு சொல்கிறார், ஒரு சொல்லும் மாற்றாமல், நான் சொன்னது நான் சொன்ன மாதிரியே போகிறது. ஹார்ட்விக்கின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நிற்கின்றன. அதன்பின் ஒரே ஒரு வரி தட்டுகிறாள்.

பதினொன்றேகால். கடைசிக் கேள்வி என்கிறாள், கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிடுகிறாள். உங்கள் வேலை மார்ச் மாதம் போனது. ஜூன் மாதம் திருமணம். வேலை போயிருக்காவிட்டால் இந்த ஜூனில் இந்தத் திருமணத்தைச் செய்திருப்பீர்களா? கொப்பியில் இது இருந்தது. நூற்றுப்பதினாறாவது. இதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் விடையும் எழுதியிருந்தார்: ஓம், கட்டாயம். அடிக்கோடு இரண்டு. ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். ஒரு மூச்சு. சொல்லிவிட்டு எழுந்து போகலாம். ஆமாம் என்றால் அந்தப் பதினோரு மீட்டர் பொய். ஒவ்வொரு செவ்வாயும் அவசரமில்லாமல் காத்திருந்தது பொய். எனக்கு அந்த மெதுவு முழுதாக வேண்டியிருந்தது, இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, அவர் முதுகுக்குக் கீழே விரல் வைத்து விடப்போறன் விடப்போறன் என்று சொல்லி விடாமல் இருப்பது, அதை என்னிடமிருந்து யாரோ எடுத்துக்கொண்டார்கள், ஆகஸ்ட் முப்பத்தொன்று என்று ஒரு காகிதம் அனுப்பி எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டவர்களே எதிரில் உட்கார்ந்து கேட்கிறார்கள் ஏன் இவ்வளவு வேகம் என்று. "இல்லை" என்கிறேன். பரிமளம் அம்மா மெல்ல என் பக்கம் சாய்கிறார். "பிள்ளை, கேள்வி விளங்கினதே? யோசிச்சுச் சொல்லுங்கோ." யோசித்துவிட்டேன் அம்மா. அவர் தயங்குகிறார், நான் காத்திருக்கவில்லை, ஹார்ட்விக்கைப் பார்த்து நானே ஜெர்மனில் சொல்கிறேன், நைன். இல்லை. இந்த ஜூனில் இல்லை. அவரைத்தான் கட்டியிருப்பேன், ஆனால் எனக்கு அவசரமில்லை. தேதி வைத்தது நானல்ல, உங்கள் அலுவலகம். அவசரப்படுத்தியதும் நீங்கள், ஏன் அவசரம் என்று கேட்பதும் நீங்கள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, கள்ளிச்செடிக்குப் பின்னால் அவள் முகம் அசையவில்லை. எழுதிக்கொள்ளுங்கள் என்கிறேன். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்கிறாள்.

நடைவழியில் கால்மணி நேரம் தனியாக உட்காரவைத்தார்கள். சுவரோரம் எங்கும் பிளாஸ்டிக் நாற்காலி, எதிரில் ஒரு குழந்தைவண்டி, அதைத் தள்ளிக்கொண்டு நடக்கிற ஒரு பெண், தலையில் முக்காடு, அவளும் என்னைப் பார்த்தாள், என்ன கேட்டார்கள் என்று கண்ணால் கேட்டாள், எல்லாம் என்று கையை விரித்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ. அம்மா விமான நிலையத்துக்கு வர மாட்டாள், அப்பாவை அனுப்புவாள், அப்பா பெட்டியை வாங்கிக்கொண்டு ஒன்றும் கேட்காமல் நடப்பார், அதுதான் தாங்காது. என் வீட்டுக்காரர் இங்கே செவ்வாய்க்கிழமை போத்தலைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய் வேறு யாரிடமோ கொடுப்பார். இல்லை. சொன்னது சொன்னதுதான். கதவு திறந்து எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். அவர் வெள்ளைச் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டிருந்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார், நூற்றுப்பதினாறும் தேறிய சிரிப்பு. ஹார்ட்விக் இரண்டு கட்டுக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பல பதில்கள் ஒத்துப்போகின்றன, சில போகவில்லை, அது வழக்கம், ஆனால் ஒன்றைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும் என்றாள். வேலை இருந்திருந்தாலும் இதே ஜூனில் கட்டாயம் திருமணம் செய்திருப்போம், விசாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று உங்கள் கணவர் சொல்கிறார். நீங்கள் இல்லை என்கிறீர்கள். அவர் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, இறக்க மறந்துவிட்டார் போல. மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அப்பிடியே சொன்னனீர்?"

"ஆமா."

"ஏன்?"

"கேட்டாங்க. உண்மை அதுதானே."

"எனக்கு ஒருநாளும் இதைச் சொல்லேல்லையே நீர்."

"நீங்க கேக்கலையே. சிவப்பு மையில விடைய எழுதிட்டுத்தான கேட்டீங்க."

"அப்ப எங்கட பெடியள் சொன்னது சரிதான். இந்தியாக்காரி பேப்பருக்கு ஆள் பிடிச்சிட்டாள் எண்டவங்கள். ஒருத்தனோட அதுக்குச் சண்டையும் பிடிச்சன் நான், உமக்காக. வாயைப் பொத்தடா எண்டு சொன்னனான்." நாற்காலியை என்னிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. பெடியள், அவருடைய கூட்டாளிகள், இப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது, இவர் சொன்னதே இல்லை. கொப்பியில் இல்லை.

"பேப்பருக்கும்தான்" என்றேன். "இல்லன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அந்தத் தேதியப் பாத்து எனக்குப் பயமா இருந்துச்சு. சோறு இறங்கல. பயந்தப்ப யாரக் கட்டணும்னு தோணுச்சுன்னு கேளுங்க. ஊர்ல எங்கம்மா மூணு மாப்பிள்ள பாத்து வச்சிருந்தா, அதுல ஒருத்தன் ஹாலந்துல, அவனக் கட்டியிருந்தா அம்மா மேளம் வச்சு அனுப்பியிருப்பா, இந்த ரூமுக்கே நான் வந்திருக்க வேண்டாம். எனக்கு அவன் பேரு கூட ஞாபகம் வரல. உங்கள மெதுவாக் கட்டணும்னு இருந்தேன். அத விட மாட்டேன்னுட்டாங்க. அதுக்காக மெதுவே இல்லன்னு நான் பொய் சொல்லணுமா?"

"மெதுவோ? அதென்ன மெதுவு? எனக்கு நாப்பத்திமூண்டு வயசு!"

"அதுக்கு நான் என்ன செய்ய? நான் பதினோரு மீட்டர்தான் இருக்கேன்."

"வேணுமெண்டு மெதுவாப் பழகினனீரோ?"

"ஆமா!"

ஹார்ட்விக் பரிமளம் அம்மாவைப் பார்த்தாள். என்ன பேசுகிறார்கள். பரிமளம் அம்மா கைக்குட்டையை மேசைமேல் வைத்தார், குடும்பச் சண்டை என்றார், எல்லாவற்றையும் மொழிபெயர்க்கவா. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஹார்ட்விக் கேட்டாள். தெரியாது, இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார்கள் என்றார் பரிமளம் அம்மா. வேண்டாம், இந்தச் சண்டையை யாரும் ஒத்திகை பார்த்து வந்திருக்க மாட்டார்கள் என்றாள் ஹார்ட்விக். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள், நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம், அவர் கதவை, நான் கள்ளிச்செடியை. அதில் ஒரு முள் ஒடிந்திருந்தது. என்ன தட்டுகிறாள் இவ்வளவு. தட்டட்டும். அச்சு இயந்திரம் ஒரு காகிதத்தைத் தள்ளியது. முத்திரை. மூன்று வருட அனுமதி என்றாள், அட்டை ஆறு வாரத்தில் வரும், அதுவரை இந்தக் காகிதம், இப்போது கைரேகை எடுக்க வேண்டும். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள், எனக்கு உடனே உறைக்கவில்லை. பரிமளம் அம்மாதான் "பிள்ளை, தந்திட்டாங்கள்" என்றார், மொழிபெயர்க்கத் தேவையில்லாததை மொழிபெயர்த்தார். மேசையோரத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி. வலதுகைச் சுட்டுவிரலை வைத்தேன், விளக்கு எரிந்தது. சிவப்பு. மறுபடி. சிவப்பு. விரல் ஈரமாக இருக்கிறது, துடைத்துக்கொள்ளுங்கள் என்றாள். கை முழுக்க வியர்த்திருந்தது, காலையிலிருந்து உள்ளே அடக்கி வைத்ததெல்லாம் உள்ளங்கை வழியாக வருகிறது போல. நான் கைப்பைக்குள் காகிதம் தேடினேன், கிடைக்கவில்லை. அவர் கதவைப் பார்த்தபடியே கையை நீட்டி என் கையைப் பிடித்தார். கால்சட்டைக்குள் விட்டிருந்த சட்டை நுனியை வெளியே இழுத்து விரலைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக, குழந்தைக்குத் துடைக்கிற மாதிரியல்ல, ஒரு கருவியைத் துடைக்கிற மாதிரி, கோபமாக. "நடுங்காதேயும். அழுத்தி வையும்" என்றார், இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அழுத்தி வைத்தேன். பச்சை. இடது கை என்றாள் ஹார்ட்விக். கேட்பதற்கு முன்பே இடது கையையும் வாங்கிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்பதாகவும் இல்லை. அவருக்குக் கோபம் இறங்கவில்லை, அது விரல் பிடியிலேயே தெரிந்தது. இருக்கட்டும். மீதிச் சண்டையை வீட்டில் போய்ப் போட்டுக்கொள்வோம். மூன்று வருஷம் தந்திருக்கிறார்கள்.